பேட்ஜைப் பெட்டியில் வைத்தால் யாருக்கு லாபம்?

திருச்சி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பாய்லர், பைப்லைன் வெல்டிங் ஜாயிண்டுகளை இரிடியம் கதிர்வீச்சால் படம் பிடித்துச் சோதிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் 11 வருடமாக வேலை பார்க்கிறார். ரேடியோகிராபியில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பதால், சைட்டில் அவர்தான் பொறுப்பாளர். புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. "உன் வேலைதான் காரணம், முதல்ல அதை விடு" என்று அம்மா தினமும் சொல்கிறாராம். மனைவிக்கு 31 வயது. அவருக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வேலையிடத்தில் வேறொரு சிக்கல். அவரிடம் பயிற்சி பெறும் 22 வயதுப் பையனின் டி.எல்.டி. பேட்ஜில் (உடலுக்கு வரும் கதிர்வீச்சை அளக்க மார்பில் மாட்டுவது) கடந்த காலாண்டுக்கு 14 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு) என்று அறிக்கை வந்திருக்கிறது. முதலாளி, "இனிமே பசங்களோட பேட்ஜ் ஆபீஸ் பெட்டியிலயே இருக்கட்டும், இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது மாட்டிக்கட்டும்" என்கிறார். பையனும், "அண்ணே, பெரிசு பண்ணாதீங்க, வேலை போயிடும்" என்று கெஞ்சுகிறான். நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி (ஆர்.எஸ்.ஓ.) வேறு ஊரில் இருக்கிறார், பெயர் மட்டும்தான் இங்கே இருக்கிறது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இருப்பதுபோல லெட் ஏப்ரன் கேட்டும் வாங்கித் தரவில்லை. வேலை முடிந்து வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் கதிர்வீச்சு இறங்கிவிடும் என்று பையன்கள் நம்புகிறார்கள்.

கடைசியாக இப்படி எழுதியிருக்கிறார்: "பகல்ல 'பயப்படாதீங்கடா'ன்னு பாடம் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்தா நானே பயப்படறேன். இது ஏமாத்து வேலையா டாக்டர்?"

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அந்தப் பையனுக்கு வலது கையில ரெண்டு விரல் நுனி ரெண்டு வாரமா சிவந்து தோல் உரியுது, டெவலப்பர் கெமிக்கல் ஒத்துக்கலைன்னு சொல்றான்." தொழிலாளர் நலம் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் அவசரமானது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

விரல் நுனி முதலில்

பையன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஃபிலிம் கழுவும் டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரோகுயினோன் தோலைப் பாதிக்கும். டார்க் ரூமில் கையுறை இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்குக் கை வறண்டு உரிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் கை முழுக்கப் பரவி, அரிப்போடு வரும். இரண்டே விரலின் நுனி மட்டும், அதுவும் காலாண்டு டோஸ் எகிறிய பையனுக்கு என்றால், கெமிக்கல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 20 கியூரி (கதிரியக்கத்தின் அளவு) இரிடியம்-192 சோர்ஸ், அதாவது கதிரை வீசும் துண்டு, திறந்த நிலையில் ஒரு மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 100 மில்லிசீவர்ட் தரும். அரை மீட்டரில் அது நான்கு மடங்கு. மார்பில் மாட்டிய பேட்ஜில் 14 ஏற, அரை மீட்டர் தூரத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் நின்றாலே போதும். அதே சோர்ஸ் ஒரு சென்டிமீட்டரில் விரலுக்கு ஒவ்வொரு நொடியும் கால் கிரேக்கு மேல் கொடுக்கும் (கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு; இந்தக் கதிருக்கு ஒரு கிரே ஏறத்தாழ ஆயிரம் மில்லிசீவர்ட்). கேமராவிலிருந்து (சோர்ஸைப் பூட்டி வைக்கும் கவசப் பெட்டி) சோர்ஸ் வெளியே போய்வரும் கைடு ட்யூபுக்குள் அது நின்றுவிட்டது தெரியாமல், ட்யூபைக் கையால் பிடித்து இருபது நொடி சரிசெய்திருந்தால் தோலுக்கு ஐந்து கிரே போய்ச் சேர்ந்திருக்கும். மார்பு பேட்ஜ் இதைக் காட்டவே காட்டாது. அது மார்புக்கு வந்ததை மட்டும்தான் சொல்லும்.

கதிர்வீச்சுப் புண்ணின் தந்திரமே இதுதான். தீக்காயம்போல உடனே எரியாது. தொட்ட அன்று லேசாகச் சிவந்து மறையும், பலர் அதைக் கவனிப்பதும் இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி சிவந்து, உரிந்து, டோஸ் அதிகமென்றால் கொப்புளம் கிளம்பும். அதற்குள் காரணமான நாளையே மறந்துவிடுவார்கள்.

அதனால் நாளைக்கே செய்ய வேண்டியது: பையனைத் தனியே உட்கார வைத்து, கடந்த ஐந்தாறு வாரத்தில் சோர்ஸ் திரும்ப வராமல் மக்கர் செய்த நாள், சோர்ஸைத் தள்ளி இழுக்கும் கிராங்க் இறுகிய நாள், ஃபிலிம் காரணமில்லாமல் கறுத்துப்போன நாள் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். மிரட்டிக் கேட்டால் சொல்ல மாட்டான். விரல்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் ரேகை தேய்ந்து வழவழவென்று பளபளப்பாக இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி குறைவா? தினமும் ஒரே கோணத்தில் செல்போனில் படம் எடுத்து வைக்கட்டும். பிறகு அவனை ஒரு தோல் மருத்துவரிடமோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். போய் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "இவர் இரிடியம் சோர்ஸோடு வேலை செய்கிறவர்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எக்ஸிமா களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். அது நார்மல் என்று வந்தால் கதிர்வீச்சே படவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உடல் முழுக்க அரை கிரே அளவுக்குப் பட்டால்தான் ரத்த அணுக்களில் மாற்றம் தெளிவாகத் தெரியும். விரலுக்கு மட்டும் பட்டது ரத்தத்தில் தெரியாது. உடலுக்கும் அதிகம் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் குரோமோசோம் சோதனை என்று ஒன்று உண்டு. சுமார் 100 மில்லிசீவர்ட்டும் அதற்கு மேலும் பட்டிருந்தால் அதில் அடையாளம் தெரியும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அதைச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு விஷயம் மூடி மறைக்கப்படாமல் முறைப்படி மேலே போயிருக்க வேண்டும். அங்கேதான் உங்கள் முதலாளியின் யோசனை குறுக்கே வருகிறது.

பெட்டிக்குள் போன பேட்ஜ்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த 14 மில்லிசீவர்ட்டை நீங்களோ முதலாளியோ இனி மறைக்க முடியாது. பேட்ஜைப் படித்த ஆய்வகத்திலிருந்து அளவு உங்கள் ஆபீசுக்கு மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணில் தேசியப் பதிவேட்டில் டோஸ் ஏறுகிறது. ஒரு காலாண்டில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினாலே ஏன் என்று விசாரிப்பது வழக்கம். 'பெரிசு பண்ணாதீங்க' என்று பையன் கெஞ்சும் விஷயம் ஏற்கெனவே அவர்கள் மேஜையில் இருக்கிறது. இனி அவன் கையில் இருப்பது, விசாரணையில் என்ன சொல்வது என்பது மட்டும்தான்.

விசாரணை என்றதும் வேலை போய்விடும் என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். அதில் முதல் கேள்வியே, இந்த டோஸ் ஆளுக்கு வந்ததா, பேட்ஜுக்கு மட்டும் வந்ததா என்பதுதான். சட்டையைக் கழற்றிக் கேமராவின் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவனின் பேட்ஜும் எகிறும். அப்படித்தான் நடந்தது என்று நிரூபணமானால் பதிவு திருத்தப்படும். ஆளுக்கே வந்தது என்றாலும் 14 என்பது சட்ட வரம்புக்குள் இருக்கிறது. இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி வருடத்திலும் 30க்கு மேல் போகக் கூடாது. ஆனால் மூன்றே மாதத்தில் 14 என்ற வேகத்தில் போனால் வருடம் முடிவதற்குள் 30ஐத் தாண்டிவிடும். அதற்காகத்தான் விசாரிக்கிறார்கள். சில காலம் அவனைக் கேமராவிலிருந்து ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். தினக்கூலிப் பையனுக்கு அது பெரிய அடி என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேட்ஜ் யாரையும் காப்பாற்றாது. அது ஒரு சாட்சி. இரிடியத்திலிருந்து வரும் கதிரில் ஒரு துளியைக்கூட அது தடுப்பதில்லை. நாளைக்கு இந்தப் பையனுக்கு விரல் போனாலோ, இருபது வருடம் கழித்து வேறு நோய் வந்தாலோ, 'வேலையால் வந்தது' என்று சொல்ல அவனிடம் இருக்கப்போவது அந்தப் பதிவேடு மட்டும்தான். அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள், தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பதிவேட்டில் வருடக்கணக்காகப் பூஜ்யம் என்று இருந்தால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. பேட்ஜ் பெட்டியில் கிடந்த காலம் முழுக்க, சாட்சி முதலாளியின் பக்கம் நிற்கிறது. யாருக்கு லாபம் என்று பையனையே கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் பார்த்து வையுங்கள். ஒவ்வொரு பேட்ஜ் கட்டோடும் 'கன்ட்ரோல்' என்று ஒன்று வரும். அது கதிர்வீச்சே இல்லாத இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஏறிய அளவைத்தான் மற்றவற்றிலிருந்து கழிக்கிறார்கள். சில ஆபீசுகளில் கேமரா வைக்கும் அறைக்கு அடுத்த அலமாரியிலேயே கன்ட்ரோலும் தொங்கும். அப்படி இருந்தால் எல்லோருடைய டோஸும் தானாகக் குறைந்து தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, சாவி இருக்கும் அலமாரி அதுதான் என்பதால் அங்கே போகிறது.

'பொறுப்பு ஆர்.எஸ்.ஓ.வுக்குத்தானே, எனக்கென்ன?' என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வரிகளுக்கு நடுவில் அந்த எண்ணம் தெரிகிறது. அது பாதிதான் சரி. 2004ஆம் ஆண்டு அணுசக்திக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் முதலாளி, உரிமதாரர், பாதுகாப்பு அதிகாரி, தொழிலாளி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடமை வகுத்திருக்கின்றன. ஆபத்தான நிலை எதையும் கண்டால் தெரிவிப்பது தொழிலாளியின் கடமையிலும் வருகிறது. நீங்கள் சைட் பொறுப்பாளர் வேறு. பேட்ஜ் இல்லாத பையன் உங்கள் கண் முன்னால் கிராங்கைச் சுற்றினால், நாளை கேள்வி உங்களிடமும் வரும். அதே விதிகள் உங்களுக்கு உரிமையும் தருகின்றன. உங்கள் டோஸ் பதிவையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் வருடத்துக்கு ஒருமுறையும், நீங்கள் கேட்கும்போதும், வேலையை விடும்போதும் முதலாளி கொடுத்தாக வேண்டும்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு அன்றைக்கே முறியும். அவருக்கு உறைக்கிற கணக்கில் பேசுங்கள். ஒரு காலாண்டில் 14 வந்த பையனுக்கு அடுத்த காலாண்டு பூஜ்யம் வந்தால், படிக்கிறவர்களுக்கு அது புரியாமல் போகாது. உரிமம் நின்றால் சோர்ஸ் வாங்க முடியாது, சோர்ஸ் இல்லாவிட்டால் ஆர்டரே இல்லை. வாய்ப்பேச்சு முடிந்த அன்று மாலையே, 'இன்று பேசியபடி எல்லோரும் பேட்ஜ் அணிந்து வேலை செய்கிறார்கள்' என்று அவருக்கும் ஆர்.எஸ்.ஓ.வுக்கும் ஒரு மெயில் போட்டு வையுங்கள். சண்டை போடாமல் பதிவு உண்டாக்கும் வழி அது. அதற்கும் அசையவில்லை என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதலாம். அதன் தெற்கு மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. எழுதினால் வேலைக்கு ஆபத்து வராது என்று நான் சொல்ல மாட்டேன், வரலாம். பையனின் விரல் விஷயம் மட்டும் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்கக் கூடாது. அது கதிர்வீச்சுப் புண் என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் அன்றே தெரிவித்துவிட வேண்டும்.

குழந்தை விஷயம்

இதில் உங்கள் அம்மாவிடம் நேராகச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. 11 வருடத்தில் உங்கள் மொத்த டோஸ் 38 மில்லிசீவர்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணின் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைவதற்கே, விரைக்கு ஒரே நேரத்தில் ஏறத்தாழ 150 மில்லிகிரே பட வேண்டும். நிரந்தர மலட்டுத்தன்மைக்கு மூன்றரை முதல் ஆறு கிரே. உங்களுக்கு வந்தது பதினோரு வருடத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்த 38. பேட்ஜை ஒழுங்காக மாட்டிய 38 என்றால், குழந்தை தள்ளிப் போவதற்கு இந்த வேலையின் கதிர்வீச்சைக் காரணம் காட்ட முடியாது. 'பேட்ஜை ஒழுங்காக மாட்டிய' என்று நான் அழுத்திச் சொல்வது ஏன் என்று உங்களுக்குப் புரியும். நடுவில் நீங்களும் பெட்டியில் வைத்த காலம் உண்டென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை, என்னால் உங்களுக்கு ஆறுதலும் சொல்ல முடியாது.

பிறக்கும் குழந்தை ஊனமாகுமோ என்ற பயத்தையும் எழுதியிருக்கிறீர்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்கள் பின்னாளில் பெற்ற குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோருக்குப் பட்ட கதிர்வீச்சால் அந்தக் குழந்தைகளிடம் பிறவிக் குறைகள் கூடியதாகக் காணவில்லை. உங்கள் சட்டையிலோ கையிலோ கதிர்வீச்சு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதும் இல்லை. சோர்ஸ் உலோக உறைக்குள் அடைத்து மூடியது. கேமராவுக்குள் அது திரும்பிய நொடியில் உங்கள் மேல் ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் மனைவியைத் தொடுகிறேன் என்கிறீர்கள். குளியுங்கள், வியர்வைக்கு நல்லது. கதிர்வீச்சுக்காக வேண்டாம்.

புற்றுநோய்க் கணக்கையும் மறைக்க மாட்டேன். 38 மில்லிசீவர்ட் என்பது பூஜ்ய அபாயம் அல்ல. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி பார்த்தால், வாழ்நாளில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவான கூடுதல் அபாயம். இந்தியரில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்ற மதிப்பீட்டோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாத மனிதனுக்கும் இயற்கையிலிருந்து உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் அது பல மடங்கு, நம் மணவாளக்குறிச்சிப் பக்கமும் அப்படியே. கருநாகப்பள்ளியில் நீண்ட காலம் நடந்த ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

சரி, பிறகு ஏன் குழந்தை இல்லை? அதற்கு முதல் படியையே நீங்கள் எடுக்கவில்லை, தம்பி. மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் சோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. உங்களுக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. நம் வீடுகளில் இது வழக்கம்தான், அதனால் நியாயமாகிவிடாது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணுக்கும் பங்கு இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, நல்ல லேபில் ஒரு பரிசோதனை. குறை வந்தால் கலங்காமல் மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று, ஏனென்றால் ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகிறது. வெரிகோசீல் (விரைப்பை ரத்தக்குழாய் வீக்கம்), சர்க்கரை, தைராய்டு, புகையிலை என்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு, பலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

கூச்சப்படாமல் இன்னொன்றும் கேட்கிறேன். மற்ற தொழிலாளிகள் போன பிறகு இரவில்தான் உங்களுக்கு ஷாட், அதாவது படம் எடுக்கும் வேலை. மனைவி பகலில் வேலைக்குப் போகிறார். மாதத்தில் கரு தங்கக்கூடிய அந்த ஐந்தாறு நாளில் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், விழித்திருக்கிறீர்களா? மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்க்க வேண்டிய தம்பதிகள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

பையன்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது

நீங்கள் வீட்டில் பயப்படும் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. சைட்டில் 'பயப்படாதீங்கடா' என்று சொல்லும் விஷயத்தில்தான் பயம் வேண்டும். ஏமாற்று வேலை என்று இதைச் சொல்ல மாட்டேன், பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் சோர்ஸ் அவர்களை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் சோர்ஸிடம் நடந்து போவதுதான் ஆளை முடமாக்குகிறது.

1999இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். கழன்று கிடந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் ஒரு வெல்டர் எடுத்து, பேன்ட்டின் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சில மணி நேரம் வேலை பார்த்தார். பிறகு அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அதில் கதிரை வீசும் பகுதி பென்சில் முனை அளவுதான். இந்தக் கதையைப் படம் காட்டி மிரட்டாமல் சாதாரணமாகச் சொன்னாலே போதும்.

வகுப்பில் சூத்திரம் எழுதுவதைவிட, சர்வே மீட்டரை (அந்த இடத்தின் கதிர்வீச்சை உடனே காட்டும் கருவி) பையன் கையிலேயே கொடுத்து, பூட்டிய கேமராவின் மேற்பரப்பில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ஓர் அடி, மூன்றடி, பத்தடி தள்ளி நின்று படிக்கச் சொல்லுங்கள். எண் சரசரவென்று இறங்குவதை அவன் கண்ணாலேயே பார்த்தபின், தூரம்தான் முதல் கவசம் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த மேற்பரப்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் மீட்டரைக் கையில் பிடித்தபடி கேமராவை நெருங்கி, அதே எண் வருகிறதா என்று ஒப்பிட்டு, கைடு ட்யூபின் முழு நீளத்துக்கும் மீட்டரை ஓட்டி, கேமராவைப் பூட்டிய பிறகுதான் அடுத்த ஃபிலிமைத் தொட வேண்டும். இரவு மூன்று மணிக்கு நாற்பதாவது ஜாயிண்டில் விட்டுப்போவது இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம். கேமராவை ஒட்டி வைத்தும் மீட்டர் பூஜ்யம் காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். பூட்டிய கேமராவிலிருந்தும் கொஞ்சம் கசியும், ஆகவே அங்கே பூஜ்யம் காட்டும் மீட்டர் பழுதான மீட்டர். சில வகை மீட்டர்கள் மிகப் பலமான கதிர்வீச்சில் திணறிப்போய்ப் பூஜ்யத்துக்கு இறங்குவதும் உண்டு. பேட்டரி சோதனையோடு இதையும் பாடத்தில் சேருங்கள்.

சோர்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை டம்மி பிக்டெயில் (கதிரியக்கம் இல்லாத போலி சோர்ஸ் கம்பி) வைத்துப் பகலில் பழக்குங்கள். விலகு, கயிறு கட்டித் தள்ளி நிறுத்து, தலையை எண்ணு, ஆர்.எஸ்.ஓ.வைக் கூப்பிடு, கையால் தொடாதே. வீரம் காட்டுகிறவனை அன்றே கேமராவிலிருந்து இறக்குங்கள்.

லெட் ஏப்ரன் விஷயத்தில் உங்கள் முதலாளி பணத்தை மிச்சம் பிடித்திருந்தாலும் முடிவு சரிதான். ஆஸ்பத்திரி ஏப்ரனில் இருக்கும் ஈயம் அரை மில்லிமீட்டர் போல. இரிடியம் கதிரைப் பாதியாக்கவே ஐந்து மில்லிமீட்டர் போல ஈயம் வேண்டும். ஏப்ரன் மாட்டிய தைரியத்தில் பையன் இரண்டடி கிட்டே போவான், அவ்வளவுதான் பலன். அந்தப் பணத்துக்கு நல்ல காலிமேட்டரும் (கதிரை ஒரு திசைக்குள் அடக்கும் கவசம்) இரண்டாவது சர்வே மீட்டரும் கேளுங்கள். அயோடின் மாத்திரைக்கும் இங்கே வேலை இல்லை, அது அணு உலை விபத்தில் வரும் கதிரியக்க அயோடினுக்கு மட்டும். வெல்லமும் வாழைப்பழமும் பசிக்குச் சாப்பிடட்டும். வாழைப்பழத்திலேயே இயற்கையான கதிரியக்கப் பொட்டாசியம் துளி இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள், பாடமும் நினைவில் நிற்கும்.

வேலையை விடலாமா?

குழந்தைக்காக விட வேண்டாம். பேட்ஜ் பெட்டியிலேயே இருக்கும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால், அதற்காக விடலாம். இரண்டாம் நிலைச் சான்றிதழும் 11 வருட அனுபவமும் சுத்தமான டோஸ் பதிவும் இருக்கிற ஆளுக்கு வேறு இடம் கிடைப்பது கடினமில்லை. வளைகுடாவுக்குப் போவதென்றாலும் பழைய டோஸ் பதிவைக் கேட்பார்கள். ஆகவே விடுவதற்கு முன் எல்லா வருட அறிக்கையையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனை உங்களுக்கு நடந்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

பையனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். கேமராவிலிருந்து ஒதுக்கி வைத்தால் அந்த மாதங்களில் டை பெனட்ரன்ட், மேக்னடிக் பார்ட்டிகிள், அல்ட்ராசானிக் சோதனைகளில் அவனைப் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இவற்றில் கதிர்வீச்சே இல்லை. ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி தர முடியாது. கிடைத்தால், அல்ட்ராசானிக்கில் ஒரு சான்றிதழ் எடுத்துவிட்டால் அவன் சம்பளம் இப்போதைவிடக் கூடும்.

விரலைப் பார்த்த மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். படங்கள் இருந்தால் தேதியோடு அனுப்புங்கள், முகம் தெரிய வேண்டாம். உங்கள் விந்துப் பரிசோதனை அறிக்கையையும் கூடவே வையுங்கள்.